மூச்சை எண்ணுகிறவருக்கு மூச்சுப் பயிற்சி

கேள்வி:

வணக்கம் டாக்டர். அரசு மருத்துவமனை ஒன்றில், பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் 11 வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். மூன்று மாதத்துக்கு முன் நைட் டூட்டியில் ஒரு குழந்தை இறந்தது. 940 கிராமில் பிறந்த குழந்தை, 12-ம் நாள், கிருமித்தொற்று. அன்றைக்குப் பால் நிறுத்தியிருந்தோம். அது தெரியாமல் குழந்தையின் அப்பா, மனைவி பீய்ச்சிக் கொடுத்த பாலை மூடி போட்ட சின்ன எவர்சில்வர் டம்ளரில் எடுத்துக்கொண்டு விடியற்காலை நாலு மணிக்கு வந்து நின்றார். தினமும் கேட்கிற கேள்வியையே கேட்டார்: "எடை கூடியிருக்கா சிஸ்டர்?" குழந்தை போய் இருபது நிமிடம் ஆகியிருந்தது. அடுத்த அரை மணியில், குழந்தையைச் சூடாக வைத்திருக்கும் அதே வார்மருக்கு வேறு குழந்தை வந்துவிட்டது. துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டேன்.

அன்று என்னோடு டூட்டியில் இருந்த பெண்ணுக்கு 24 வயது. ஒப்பந்தப் பணி. அலாரம் அடித்தபோது வேறு குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். வந்து சேர ஒரு நிமிடம் ஆனது. அதனால் இல்லை என்று டாக்டரும் சொன்னார், இறப்பு ஆய்வுக் கூட்டத்திலும் சொன்னார்கள். அவள் நம்பவில்லை. யாரிடமும் பேசுவதில்லை. நைட் வந்தால் யாரிடமாவது மாற்றிக்கொள்கிறாள்.

போன மாதம் எங்களுக்கு மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சி வைத்தார்கள். கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள். இரண்டு நிமிடத்தில் எனக்கு அந்த வார்மர்தான் தெரிந்தது. நெஞ்சு படபடத்து, எழுந்து வெளியே வந்துவிட்டேன். மற்றவர்கள் எல்லாரும் நன்றாக இருந்தது என்கிறார்கள். எனக்கு மட்டும் ஏன் இப்படி? வண்டி ரிவர்ஸ் எடுக்கும் பீப் சத்தத்துக்குக்கூடத் தூக்கிவாரிப் போடுகிறது. ஆறு வயது மகன் தண்ணீரைக் கொட்டினால் கத்துகிறேன். அந்தச் சின்னப் பெண்ணுக்கு நான் என்ன செய்ய வேண்டும்? அந்தக் குழந்தைக்குப் பெயர்கூட வைக்கவில்லை. இன்னும் நினைத்துக்கொண்டிருப்பது தப்பா டாக்டர்?

— ஒரு செவிலியர்

பதில்:

அன்புள்ள சிஸ்டர்,

பெயர் போடாமல் எழுதியிருக்கிறீர்கள். அதனால் வார்டில் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிடுகிறேன்.

எனக்கு மட்டும் ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள், முதலில் அதற்கு வருகிறேன். மூச்சைக் கவனியுங்கள் என்று சொன்னவருக்கு உங்கள் வேலை என்னவென்று தெரிந்திருக்காது. குறைமாதக் குழந்தை மூச்சுவிட மறந்துபோகும். 20 விநாடி மூச்சு வரவில்லையென்றால் அதற்கு ஆப்னியா என்று பெயர். உள்ளங்காலைச் சுண்டி, முதுகைத் தேய்த்து, குழந்தைக்கு மூச்சை ஞாபகப்படுத்துவது நீங்கள். 11 வருடமாக உங்களுக்கு மூச்சைக் கவனிப்பது என்றால் நின்றுவிடுமோ என்று கவனிப்பதுதான். மற்றவர்கள் மூச்சைக் கவனித்து அமைதியாகலாம். உங்கள் உடம்போ அந்த வார்த்தையைக் கேட்டதும் டூட்டிக்கு வந்துவிடுகிறது. அதுவும் எந்த ராத்திரியின் டூட்டிக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நன்றாகச் சொல்லித் தருகிறவர்கள் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவார்கள்: கண்ணைத் திறந்தே வைத்துக்கொள்ளலாம், மூச்சு ஒத்துவராவிட்டால் தரையில் பதிந்திருக்கும் பாதத்தைக் கவனிக்கலாம், முடியவில்லையென்றால் எழுந்து போகலாம். மனதில் ஒரு சம்பவத்தைச் சுமந்துகொண்டிருப்பவரைக் கண்ணை மூடி உட்கார வைத்தால் அந்தச் சம்பவம்தான் முதலில் வந்து நிற்கும். அது தெரிந்த விஷயம். உங்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். நீங்கள் எழுந்து வந்ததில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. உடம்பு சொன்னதைக் கேட்டு நடந்திருக்கிறீர்கள்.

மற்றவர்கள் நன்றாக இருந்தது என்றதையும் ரொம்ப யோசிக்காதீர்கள். ஏ.சி. அறையில் ஒரு மணி நேரம் யாரும் எதற்கும் கூப்பிடாமல் உட்காரவிட்டால் எந்த நர்ஸுக்குத்தான் நன்றாக இருக்காது?

இந்தப் பயிற்சியின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. 1979-ல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஜின் இதை ஆரம்பித்தபோது வந்தவர்கள், நாள்பட்ட வலியோடு டாக்டர் மாற்றி டாக்டர் பார்த்துச் சலித்த நோயாளிகள். 8 வாரம், வாரத்துக்கு இரண்டரை மணி நேரம், தினமும் வீட்டில் பயிற்சி, இடையில் ஒரு முழு நாள். அதுவே நம்மிடம் வந்து சேரும்போது ஒரு மணி நேரம், ஒரு பவர்பாயிண்ட், ஒரு குரூப் போட்டோ என்று ஆகிவிடுகிறது. அவர் எடுத்துக்கொண்ட பௌத்தச் சொல் பாலி மொழியில் 'சதி'. தமிழில் எழுதினால் விபரீதமாக இருக்கிறது, ஆனால் வடமொழி ஸ்மிருதிதான் அது. நினைவு என்று பொருள். பால் பொங்கி அடுப்பில் வழிந்தால் வீட்டில் "நெனப்பு எங்க இருக்கு?" என்று கேட்பார்களே, அந்த நினைப்பு. செய்கிற காரியத்தில் நினைப்பு இருப்பது. அதற்குக் கண்ணை மூட வேண்டும், முதுகை நிமிர்த்த வேண்டும் என்றெல்லாம் கட்டாயம் இல்லை.

அதனால் உங்களுக்கு நான் மூச்சைச் சொல்லப் போவதில்லை. கையைச் சொல்கிறேன். ஒரு டூட்டியில் எத்தனை தடவை கையில் ஸ்டெரிலியம், அந்தக் கிருமிநாசினித் திரவம், போடுகிறீர்கள்? உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஒவ்வொரு தடவையும் 20 முதல் 30 விநாடி தேய்க்க வேண்டும். சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. இந்த நேரத்தைப் புதிதாக எங்கிருந்தும் திருட வேண்டாம், எப்படியும் கொடுத்தாக வேண்டியது. ஒரு டூட்டியில் மூன்றே தடவை, கண்ணைத் திறந்தபடியே, அந்த 20 விநாடியும் கையோடு மட்டும் இருந்து பாருங்கள். சில்லென்று படுவது, விரலிடுக்கில் இறங்குவது, கட்டைவிரலைச் சுற்றித் தேய்ப்பது, நகக்கண்ணில் எங்கேயாவது வெடிப்பு இருந்தால் அங்கே எரிவது, பிறகு காய்வது. நடுவில் நினைப்பு அந்த வார்மருக்குப் போகும். போகட்டும். போய்விட்டது என்று தெரிந்ததும் கட்டைவிரலுக்குத் திரும்புங்கள். பெரிய அமைதியெல்லாம் வராது. ஒரு குழந்தையிடமிருந்து அடுத்த குழந்தைக்குப் போகிற வழியில் நீங்களும் ஒருத்தி இருக்கிறீர்கள் என்று உங்களுக்கே ஞாபகம் வந்தால் போதும்.

வீட்டுக்கு வந்ததும் இதேதான். வண்டிக்கு ஸ்டாண்ட் போட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி, அதன் கனத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் நில்லுங்கள். மகன் தண்ணீரைக் கொட்டத்தான் செய்வான். கத்திவிட்டால், கொஞ்ச நேரம் கழித்து "அம்மாவுக்கு இன்னைக்கு ரொம்ப அசதிடா" என்று சொல்லிவிடுங்கள். ஆறு வயதுக்கு அது புரியும்.

சரி, இதெல்லாம் நீங்கள் தனியாகச் செய்கிற காரியம். இதோடு விட்டால், உங்கள் ஆஸ்பத்திரி செய்ததையே நானும் செய்தவளாவேன். ஆளைத் தனியாக உட்கார வைத்து, உன் மனதை நீயே சரி செய்துகொள் என்பது.

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்த வருடம், பிரசவ வார்டில் ரத்தப்போக்கு நிற்காமல் ஒரு பெண் இறந்துபோனாள். இருபது வயது இருக்கும். ரத்த வங்கிக்கும் வார்டுக்கும் நான்கு தடவை ஓடியது நான். நான்காவது தடவை பையோடு திரும்பினால், திரையை இழுத்துவிட்டிருந்தார்கள். பெரிய டாக்டர் கேஸ் ஷீட்டை எழுதி முடிக்கச் சொல்லிவிட்டுப் போனார். எழுதி முடித்தேன். பிறகு எங்கே போவது என்று தெரியாமல் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். வார்டு ஆயாம்மா ஒரு டம்ளரில் டீ கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, இரண்டு படி கீழே உட்கார்ந்தார். அழாதீங்க என்றோ, இதெல்லாம் சகஜம் என்றோ சொல்லவில்லை. டீ பாதி ஆறியபிறகு, "கால்ல கொலுசு புதுசு, பாத்தீங்களா டாக்டரம்மா?" என்றார்.

பார்த்திருந்தேன். ஓடும்போதும் எழுதும்போதும் அந்தக் கொலுசுதான் எனக்குள் இருந்தது. அவரும் அதைப் பார்த்திருக்கிறார் என்று தெரிந்ததும்தான் அழுகை வந்தது. சக ஊழியர் ஆதரவு என்று பாடப் புத்தகத்தில் எங்கே படித்தாலும் எனக்கு அந்தப் படிக்கட்டுதான் ஞாபகம் வருகிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த எவர்சில்வர் டம்ளரை அந்தச் சின்னப் பெண்ணும் பார்த்திருப்பாள்.

ஒரு சிகிச்சையில் தவறு நடந்தாலோ, நடந்ததாக நினைத்துக்கொண்டாலோ அந்த மருத்துவரும் செவிலியரும் உள்ளுக்குள் நொறுங்கிப்போவதை ஆல்பர்ட் வூ என்ற அமெரிக்க மருத்துவர் 2000-ல் எழுதி, அவர்களுக்கு 'இரண்டாவது பாதிக்கப்பட்டவர்' என்று பெயர் வைத்தார். உறவை இழந்த குடும்பங்களில் சிலர் பிற்பாடு அந்தப் பெயரை ஆட்சேபித்தார்கள். அதுவும் நியாயம்தான். பெயர் எதுவானாலும், அவர் சொன்ன ஆள் இப்போது உங்கள் வார்டில் நைட்டை மாற்றிக்கொண்டு திரிகிறாள். அவளிடம் "உன் மேல தப்பில்ல" என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது, கூட்டத்திலும் சொல்லியாகிவிட்டது. நீங்களும் மூன்றாவது ஆளாகப் போய் அதையே சொன்னால் தலையாட்டுவாள், நம்பமாட்டாள். அவள் தலைக்குள் அந்த ஒரு நிமிடம் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த நிமிடத்தில் அவள் தனியாக இருக்கிறாள்.

நீங்கள் போய் உங்கள் கதையைச் சொல்லுங்கள். பயிற்சியிலிருந்து எழுந்து வந்ததை, பீப் சத்தத்துக்குத் திடுக்கிடுவதை, மகனிடம் கத்துவதை. "எனக்கு அந்த ராத்திரி இன்னும் போகலம்மா. உனக்கு எப்படி இருக்கு?" அவ்வளவு போதும். 11 வருட அனுபவம் உள்ள அக்காவுக்கே இப்படி இருக்கிறது என்று தெரிந்தால், தான் இந்த வேலைக்கு லாயக்கில்லை என்று அவள் கட்டி வைத்திருக்கும் சுவரில் ஒரு செங்கலாவது கழலும். டூட்டி ரூமில் நாலு பேர் நடுவில் வேண்டாம். டூட்டி முடிந்து, பஸ் ஸ்டாப் வரைக்கும் சேர்ந்து நடக்கும்போது கேளுங்கள். பக்கத்தில் நடக்கும்போது முகம் பார்க்க வேண்டியதில்லை, பேசுவது சுலபம்.

அவள் பேசவில்லையென்றால் விட்டுவிடுங்கள். பிடித்து உட்கார வைத்து எல்லாவற்றையும் கொட்டச் சொல்லாதீர்கள். சம்பவம் நடந்த கையோடு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் பேச வைக்கிற முறை ஒரு காலத்தில் உலகம் முழுக்கப் பிரபலமாக இருந்தது. 2002-ல், மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடுகிற காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு அந்த முறையை அலசிப் பார்த்து, பிற்கால மனப் பாதிப்பை அது தடுக்கவில்லை, சிலருக்குக் கெடுதலாகவும் போகலாம் என்றது. நீங்கள் கதவைத் திறந்து வைத்தால் போதும். மூன்றாவது நாள், பத்தாவது நாள், அவள் நேரத்துக்கு அவள் வரட்டும். அதுவரை நைட் வரும்போது "நாம ரெண்டு பேரும் சேர்ந்து போட்டுக்கலாம்" என்று இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லி வையுங்கள். அவள் நைட்டை மாற்றிக்கொண்டே போகிற வரைக்கும் பயமும் வளர்ந்துகொண்டே போகும். உங்களோடு நாலு நைட் பார்த்து, நாலு காலையும் ஒழுங்காக விடிந்தால் அது தானாகக் குறைய வழியுண்டு.

இனி வரப்போகும் இறப்புகளுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் பிரிவில் அவை வரத்தான் செய்யும். அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையின் அவசரப் பிரிவுச் செவிலியர் ஜொனாதன் பார்டெல்ஸ் ஒரு சின்ன வழக்கத்தைக் கொண்டுவந்தார். உயிர் போனதும் அறையில் இருப்பவர்களை ஒரு நிமிடத்துக்கும் குறைவாக அப்படியே நிற்கச் சொல்வார். இவர் ஒரு குடும்பத்தின் பிள்ளை, நாமும் முடிந்ததைச் செய்தோம் என்று இரண்டு வரி. பிறகு மௌனம். பிறகு அவரவர் வேலை. ஆரம்பித்தது ஒரு நர்ஸ், யாரிடமிருந்தும் சர்க்குலர் வரவில்லை என்பது எனக்குப் பிடித்த விஷயம். இன்று பல நாடுகளில் செய்கிறார்கள். அன்று இரவு வார்மரைத் துடைப்பதற்கு முன்னால் உங்களுக்குக் கிடைக்காமல் போனது அந்த ஒரு நிமிடம்.

கென்னத் ஷ்வார்ட்ஸ் என்பவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாஸ்டனில் சுகாதாரத் துறை வழக்கறிஞர், நுரையீரல் புற்றுநோயில் 1995-ல், 40 வயதில் இறந்தார். அறுவை சிகிச்சைக்கு முன் விவரம் கேட்ட நர்ஸ் முதலில் கறாராக இருந்தார், இரண்டு வயதுப் பிள்ளை இருப்பது தெரிந்ததும் அவர் குரலே மாறிவிட்டது என்று சாவதற்கு முன் எழுதினார். அவர் பெயரில் தொடங்கிய மையம், மருத்துவமனைகளில் ஒரு கூட்டம் நடத்தப் பழக்கியது. டாக்டர், நர்ஸ், சுத்தம் செய்பவர் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து, என்ன மருந்து கொடுத்தோம் என்பதை விட்டுவிட்டு, அந்த நோயாளியைப் பார்த்துக்கொண்டபோது நமக்கு எப்படி இருந்தது என்பதை மட்டும் பேசுவது. உங்கள் இறப்பு ஆய்வுக் கூட்டத்தில் எல்லாம் பேசியிருப்பார்கள், இதைத் தவிர. மாதம் ஒரு நாள், மதியம் டூட்டி மாறும் நேரத்தில், ஐந்து பேர், அரை மணி நேரம். யார் மேல் தப்பு என்கிற பேச்சும் அறிவுரையும் அங்கே வரக்கூடாது. பேசியது வெளியே போகக்கூடாது. உங்கள் பிரிவின் ஆயாம்மாவைக் கட்டாயம் கூப்பிடுங்கள். என் அனுபவத்தில் நிறையப் பார்த்திருப்பது அவர்கள்தான்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஆள் பற்றாக்குறையைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்ன மாதிரி. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு படுக்கைக்கு ஒரு செவிலியர் என்பது இந்தியன் நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். அன்று இரவு உங்கள் இரண்டு பேருக்கு எத்தனை குழந்தைகள் என்று நீங்கள் எழுதவில்லை, எழுதாமலே தெரிகிறது. அந்தப் பெண் தாமதமாக வந்த ஒரு நிமிடம் அவளுடையது இல்லை, ரோஸ்டருடையது. வேலையால் ஆள் தீய்ந்துபோவதை, அதாவது பர்ன்அவுட்டை, உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் வகைப்படுத்தியபோது நோய்ப் பட்டியலில் சேர்க்கவில்லை, பணியிடம் சார்ந்த பிரச்சினை என்றது. அப்படியென்றால் மருந்தும் பணியிடத்தில்தான் தேட வேண்டும். நர்சிங் சூப்பரிண்டெண்டிடம் நீங்கள் இரண்டு பேராகப் போய் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: இறப்பு நடந்தால் அடுத்த அட்மிஷனை வேறு நர்ஸ் வாங்கட்டும், சம்பந்தப்பட்டவருக்குப் பத்து நிமிடம் வேண்டும். எழுத்தில் கொடுங்கள். பெரிய கோரிக்கைகளைச் சங்கம் பார்த்துக்கொள்ளட்டும், இது வார்டுக்குள்ளேயே முடிகிற காரியம்.

இப்போது உங்களைப் பற்றி. கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் சொல்லக்கூடாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் அந்தக் காட்சி கேட்காமல் வருவது, சத்தத்துக்குத் திடுக்கிடுவது, எரிச்சல் இவையெல்லாம் ஒரு மாதத்தைத் தாண்டி நீடித்தால் நாங்கள் பி.டி.எஸ்.டி., அதாவது அதிர்ச்சிக்குப் பின் வரும் மனப் பாதிப்பு, உண்டா என்று பார்ப்போம். உங்களுக்கு மூன்று மாதம் ஆகிவிட்டது. ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். அந்த நினைவைப் பாதுகாப்பாகப் பேசிக் கடக்க வைக்கிற முறையான மனநலச் சிகிச்சை இருக்கிறது, தேவைப்பட்டால் மாத்திரையும் இருக்கிறது, பலன் கிடைக்கிறது. உங்கள் ஆஸ்பத்திரி ஓ.பி.யிலேயே போய் நின்றால் நாலு பேர் பார்ப்பார்களே என்று தயங்கினால் வேறு இடம் போங்கள். சிகிச்சை விவரத்தை வெளியே சொல்லக்கூடாது என்று 2017-ம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. அதுவரை அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். நைட் டூட்டிக்காரர்களுக்கு விடியற்காலை மூன்று மணிக்கும் எடுக்கிற போன்.

அந்தச் சின்னப் பெண் எப்போதாவது "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னால், அல்லது திடீரென்று பொருளையெல்லாம் யாரிடமாவது கொடுக்க ஆரம்பித்தால், அன்றைக்கே அவளைத் தனியாக விடாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். சாக நினைக்கிறாயா என்று கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயப்படாதீர்கள், நேராகவே கேட்கலாம். மருந்து அலமாரிச் சாவி கையில் இருக்கிற தொழில் நம்முடையது. அந்தச் சமயத்தில் சாவி வேறு யாரிடமாவது இருக்கட்டும்.

கடைசியாகக் கேட்டதற்கு வருகிறேன். அந்தக் குழந்தையை நினைத்துக்கொண்டிருப்பது தப்பில்லை. கேஸ் ஷீட்டில் அம்மா பெயருக்கு முன்னால் 'பி/ஓ', இன்னாருடைய குழந்தை, என்று இருந்திருக்கும், அவ்வளவுதான் அதற்குப் பெயர். 940 கிராம் என்பதையும் 12-ம் நாள் என்பதையும் அதன் வீட்டைத் தவிர ஞாபகம் வைத்திருப்பது அநேகமாக நீங்கள் இரண்டு பேர்தான். மறக்க முயற்சி செய்ய வேண்டாம். நீங்கள் கூப்பிடாத நேரத்தில் அது வந்து நிற்காமல் இருக்கத்தான் மேலே சொன்ன சிகிச்சை எல்லாம்.

இன்னொன்று. கடிதத்தில் அந்த டம்ளரை எழுதியிருக்கிறீர்கள், மூடியை எழுதியிருக்கிறீர்கள், மணியை எழுதியிருக்கிறீர்கள். எடை கூடியிருக்கா என்று கேட்ட அந்த அப்பாவுக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்பதை மட்டும் எழுதவில்லை. எனக்கு எழுத வேண்டாம். பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள்.